பதினொரு படத்திலும் அதே கொக்கு

வேதாரண்யம் பக்கத்திலிருந்து
21 ஜூலை 2025

அண்ணா,

பாசத்தால் எழுதவில்லை. அதை முதல் வரியிலேயே சொன்னால்தான் நீங்கள் இரண்டாவது வரிக்கு வருவீர்கள். பதினொரு வருடமாக என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் தாளில் எழுதுகிறேன்.

எங்கள் இறால் குட்டையின் பதிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் போன ஒரு கன்டெய்னரில் தடை செய்த மருந்து இருந்ததாம். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாக்கெட்டின் மேல் ஒரு கியூ.ஆர் கோடு இருக்கிறதில்லையா, அதை ஸ்கேன் செய்தால் எங்கள் குட்டை வருகிறது. என் வீட்டுக்காரர் பாலகோபால் பெயர், அவர் படம், குட்டை எங்கே இருக்கிறது என்ற வரைபடம், எல்லாம் வருகிறது.

ஆனால் எங்கள் குட்டையில் போன தை மாதமே வெள்ளைப்புள்ளி நோய் வந்து அத்தனை இறாலும் செத்துவிட்டது. தண்ணீரை வடித்து, சுண்ணாம்பு போட்டு, காயவிட்டோம். மாசியும் பங்குனியும் அங்கே இருந்தது வெடித்த சேறுதான். அந்த இரண்டு மாதத்தில்தான் பதினொரு லாட், இருபத்தாறு டன் இறால், எங்கள் குட்டையிலிருந்து பிடித்து அனுப்பியதாக, அந்தக் கோடு திறக்கும் ‘நீர்த்தடம்’ செயலி சொல்கிறது.

வந்த நோட்டீசோடு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் கீழே ஒரே வரி: ‘பரிசோதித்தவர்: ஐ. ஜெரோம், துடியலூர் அலுவலகம், கோயம்புத்தூர்.’

அது நீங்கள்தானா? நீங்கள் என்றால், அந்தப் பதினொரு முறையும் என்ன பார்த்தீர்கள்?

மெர்சி


துடியலூர்
29 ஜூலை 2025

திருமதி மெர்சி பாலகோபாலுக்கு,

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. எங்கள் டீம் லீடர் ரைஹான் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தான். இருபத்தேழு வயது. “சார், உங்களுக்கு லெட்டருங்க. போஸ்ட்மேன் கொண்டாந்த நெசமான லெட்டருங்க சார். பத்திரமா வைங்க, மியூசியத்துல கேப்பாங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இனி எழுதுவதானால் கீழே உள்ள அறை முகவரிக்கு எழுதவும்.

ஆமாம், அந்த ஐ. ஜெரோம் நான்தான். ஐயாசாமி மகன். உங்களுக்கும் ஒரு காலத்தில் அதே முன்னெழுத்து இருந்தது.

என் வேலை இதுதான். பண்ணையாளர் போனிலிருந்து அறுவடைப் படம் வரும். படம் எடுத்த இடம் வரும். அவர் எண்ணுக்குப் போன ஓடிபி சரியாக வந்ததா என்று பச்சைப் புள்ளி காட்டும். நான் ‘சரி’ அல்லது ‘தவறு’ அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு. ஒன்றுக்கு நாற்பது வினாடி. நாற்பத்தைந்து ஆனால் ரைஹான் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். எடையைக் கூட்டிப் பார்ப்பது என் மேசை வேலை இல்லை.

பதினொரு ஓடிபியும் உங்கள் கணவர் எண்ணிலிருந்துதான் வந்திருக்கின்றன. ஆகவே என்ன பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்பதற்கு முன், என்ன செய்தீர்கள் என்று அவரைக் கேட்பது முறை.

விலங்கியலில் முதல் வகுப்பு எம்.எஸ்சி. வாங்கியவன் நாற்பத்தொன்பது வயதில் இறால் படத்துக்குச் ‘சரி’ போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதில் உங்களுக்கு ஆச்சரியம் இருக்கலாம். எனக்கு இல்லை. 1994இல் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்தது யாருக்கு? அந்த வாரம் அப்பா தோப்பில் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, போகாமல் நின்றது யார்? ஒன்பது வருடம் கழித்து அதே படிப்புக்கு உங்களைக் கூட்டிப்போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசலில் நின்றவன் நான். படித்துவிட்டு ஊருக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு பாலகோபாலோடு கடலோரத்தில் நின்றுவிட்டீர்கள்.

இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

ஐ. ஜெரோம்


வேதாரண்யம் பக்கத்திலிருந்து
6 ஆகஸ்ட் 2025

அண்ணா,

‘உங்கள்’ என்று எழுதினால் வலிக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். வலித்தது. போதுமா?

அவரைக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து பார்த்திருந்தால் கேட்கவே வேண்டியிருக்காது. எங்களிடம் இறால் வாங்கி அனுப்பும் ஏஜெண்டுடைய ஐஸ் பிளாண்டில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் நாற்பது சின்னப் போன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிளாஸ்திரி, அதில் பேனாவால் ஒரு பண்ணையாளர் பெயர். செயலி வந்தபோது ஏஜெண்டே எல்லோருக்கும் சிம் வாங்கிக் கொடுத்தார். “அறுவடை அன்னிக்கி வலையப் புடிப்பீங்களா, ஓடிபி பாப்பீங்களா? போனு இங்கேயே கெடக்கட்டும்” என்றார். நாற்பது பேரும் விட்டுவிட்டு வந்தார்கள். குட்டையில் இறங்கினால் முழங்கை வரை சேறு, அண்ணா. நாங்களும் விட்டுவிட்டு வந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. தப்பில்லை என்று நான் சொல்லவில்லை.

யாரோ பதிவு இல்லாத குட்டைகளில் மருந்து போட்டு வளர்த்த இறாலை எங்கள் பெயரில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் குட்டை காய்ந்து கிடந்தது அவர்களுக்கு வசதி. இப்போது ஏஜெண்ட், “போனு ஒம் பேர்ல இருக்கு, ஓடிபி ஒம் பேர்ல வந்துருக்கு, எனக்கென்ன தெரியும்” என்கிறார்.

படம் எடுத்த இடமும் உங்களுக்கு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதினொரு படமும் எங்கிருந்து வந்தன? எங்கள் குட்டையிலிருந்தா, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐஸ் பிளாண்டிலிருந்தா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். தூத்துக்குடி விடுதி வாசலில் நீங்கள் நின்றதை நான் மறக்கவில்லை. அம்மா செத்த அன்றைக்கு நான் சூலூர் தாண்டி வந்துகொண்டிருந்ததையும் மறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பொறுத்திருந்தால் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன். நான் வருவதற்குள் மண் போட்டுவிட்டீர்கள்.

மெர்சி


துடியலூர்
14 ஆகஸ்ட் 2025

மெர்சிக்கு,

அம்மா விஷயத்தை இதில் கொண்டுவராதே. தொண்டாமுத்தூரில் அந்தி நேரத்தில் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் யானை இறங்கும் என்பது உனக்கும் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் முடிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அன்றைக்கும் அதுதான் நடந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: ‘குட்டையிலிருந்து தட்டு வரை, ஒவ்வொரு அடியும் தெரியும்.’ இறாலைப் பற்றி என்றுதான் வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கும் அதே கதிதான். நான் எந்த லாட்டை எத்தனை வினாடி பார்த்தேன், எப்போது எழுந்து போனேன், எந்தப் பழைய பக்கத்தைத் திறந்தேன், எல்லாம் பதிவாகும். அழிக்க முடியாது. பழைய லாட்டைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நேற்று மாலை ஆறு பன்னிரண்டுக்கு நான் திறந்தேன். அதுவும் பதிவாகியிருக்கும்.

ஐஸ் பிளாண்ட்தான். பதினொன்றும்.

இதை நீ எங்கும் சொல்ல முடியாது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் சொன்னேன் என்றால், இடம் தப்பாக வந்ததைப் பார்த்தும் ஏன் ‘சரி’ போட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு எனக்கு இந்த வேலை இல்லை, வேறு எங்கும் வேலை இல்லை. பதினான்கு வருடம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியனாகவே வைத்திருந்து அனுப்பினார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது, என்னிடம் தேர்வு எழுதித் தோற்ற ஒருவன்தான் எனக்கு நேர்காணல் எடுத்தான். அவன் பெயர் வேண்டாம். எனக்கு எல்லாப் பெயரும் நினைவிருக்கிறது. இனி எங்கே போவேன்? அப்பா விழுந்த அதே தோப்பில் தேங்காய் பொறுக்கப் போகவா?

பாலகோபால் விசாரணையில் உண்மையைச் சொல்லட்டும். உண்மைக்குத் தனி பலம் இருக்கிறது என்று நீ நம்புகிறவள்தானே.

உன் மகளுக்கு முன்பல் விழுந்து இப்போது முளைத்திருக்கும். அம்மாவின் நெற்றி அவளுக்கு.

ஜெரோம்


வேதாரண்யம் பக்கத்திலிருந்து
22 ஆகஸ்ட் 2025

அண்ணா,

ஹர்ஷிணிக்கு முன்பல் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் யோசித்தேன். செயலியில் பண்ணையாளர் பக்கத்துக்குக் குடும்பப் படம் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்துக் கொடுத்தோம். அவர் தீவனத் தட்டைப் பிடித்திருப்பார், நான் பக்கத்தில் நிற்பேன், ஹர்ஷிணி பல்லில்லாமல் சிரிப்பாள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அப்படியானால் அது யார் குட்டை என்று தெரிந்தேதான் ‘சரி’ அழுத்தினீர்கள். நாற்பது வினாடி, முந்நூறு படம், பின்னால் நிற்கும் ரைஹான், இதெல்லாம் எனக்கு வேண்டாம். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். பொய் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

செப்டம்பர் 18ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு நாகப்பட்டினத்தில் விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் ஆறு மாதத் தடையோடு போகும் என்கிறார் எங்கள் வக்கீல். மறுத்து, நிரூபிக்க முடியாமல் போனால், பதிவு ஒரேயடியாக ரத்து. பதிவு இல்லாமல் யாரும் குஞ்சு தர மாட்டார்கள், யாரும் இறால் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு ஏக்கர் உப்பு மண்ணில் வேறு எதுவும் முளைக்காது.

அவர் தினமும் காலையில் போய்க் காய்ந்த குட்டைக் கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். நேற்று, “ஆறு மாசம்தானே மெர்சி, திருடன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன் விடு” என்றார். ஹர்ஷிணி, “அப்பா நீங்க திருடுனீங்களா?” என்று கேட்டாள்.

மெர்சி


துடியலூர்
31 ஆகஸ்ட் 2025

மெர்சிக்கு,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

முதல் லாட் வந்தபோது படத்தில் தண்ணீர் நிறைந்த குட்டை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர், அதன் மேல் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. உன் குட்டை என்று பக்கத்தைத் திறந்ததும் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், உன் குட்டை என் வரிசையில் வந்தால் நான் நாற்பது வினாடியில் விடமாட்டேன். உங்கள் மூவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இரண்டு வருடமாக. அதற்காக ரைஹானிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது லாட்டில் அதே கொக்கு நின்றது. படத்தைக் கொஞ்சம் ஓரம் வெட்டி, கொஞ்சம் வெளுக்க வைத்திருந்தார்கள். ஆனால் அதே கொக்கு, அதே கால். ஒவ்வொரு முறையும் இடம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளிக் காட்டி மஞ்சள் எச்சரிக்கை வந்தது. ஒரு ஏக்கர் குட்டை நூறு நாளைக்கு மூன்று டன் கொடுத்தாலே அதிகம் என்பது விலங்கியல் படித்தவனுக்குத் தெரியாதா? மனத்துக்குள் கூட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

மஞ்சள் எச்சரிக்கையைத் தாண்டிப் போகக் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘சிக்னல் கோளாறு’ என்று தேர்ந்தெடுத்தேன். பதினொரு முறை.

பாலகோபால் திருடுகிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, நினைக்க ஆசைப்பட்டேன். என் தங்கை எவனுக்காகப் போனாளோ அவன் ஒரு திருடன் என்று என் மேசையிலேயே சாட்சி சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு லாட்டில் பிடித்துக் கொடுத்தால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். சேரட்டும், சேரட்டும் என்று விட்டேன். பன்னிரண்டாவது வரும்போது மேலே சொல்லலாம் என்று இருந்தேன். பன்னிரண்டாவது வரவில்லை. ஐஸ் பிளாண்ட் சுவரில் போன்கள் தொங்குவது எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதினொரு படமும் ஒரே படம், பதினொன்றும் ஐஸ் பிளாண்டிலிருந்து வந்தவை, அது தெரிந்தே நான் அனுமதித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விசாரணையில் கொடு. என்னை வரச் சொல்லாதே. உன் வீட்டுக்காரர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

ஜெரோம்


வேதாரண்யம் பக்கத்திலிருந்து
7 செப்டம்பர் 2025

அண்ணா,

உங்கள் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

வக்கீலிடம் காட்டினேன். “அம்மா, இது யாரு எழுதுனதுன்னு யாருக்குத் தெரியும்? நீயே எழுதிக்கிட்டு வந்தேன்னு எதிர்ப்பக்கம் சொல்லும். ஆளு வரணும்” என்றார். கணினியில் எடுத்துக் காட்டவும் ஆள்தான் வேண்டுமாம். ஆனால் அவர் சரி என்று சொல்லியிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். இந்தத் தாளைக் கொடுப்பது நான், வேலை போவது உங்களுக்கு. நாளைக்கு அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள். அந்தக் கணக்கில் தூத்துக்குடிக்குக் கீழே துடியலூரும் ஏறும்.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, “அந்தக் கொக்கு ரெண்டு வருஷமா அங்கதான் நிக்கும், தீவனத் தட்டத் தூக்குனா கிட்ட வரும். குட்டை காஞ்ச பின்னால போயிடுச்சு” என்றார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுதேன். உங்கள் மேல் கோபத்தில்தான்.

18ஆம் தேதி பதினொரு மணி. வந்தால் வாருங்கள். காலையில் சிங்காநல்லூரில் ஏறினால் நேரத்துக்கு வர முடியாது, முந்தின நாளே கிளம்ப வேண்டும். ஒருவேளை பேருந்து தாமதமானால், அண்ணன் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்பேன். உட்கார்ந்திருப்பவர்களின் காலில் விழுந்தாவது கேட்பேன். வருகிறவர் வருவதற்குள் முடித்துவிடுவது எனக்குத் தெரியாத பழக்கம்.

மெர்சி


துடியலூர்
12 அக்டோபர் 2025

கண்ணு,

நாகப்பட்டினத்திலிருந்து ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. எழுதக் கூடாது என்று இல்லை. எழுத உட்கார்ந்தால் கடைசியில் எழுத வேண்டியது முன்னால் வந்து நிற்கிறது.

குட்டையின் தடை நீங்கிய உத்தரவு வந்ததா? இங்கே எனக்கு ஒரு நகல் வந்தது. குஞ்சு விடுவதற்கு முன் கரையை உயர்த்து, வடக்கு மூலை தாழ்ந்திருக்கிறது. மழை வந்தால் பக்கத்துக் குட்டைத் தண்ணீர் உள்ளே வரும். நோய் அப்படித்தான் வந்திருக்கும். பாலகோபாலிடம் அன்றே சொன்னேன். “சரிங்க மச்சான்” என்றார். செய்வதாகத் தெரியவில்லை. போனை மட்டும் அந்தச் சுவரில் திரும்பத் தொங்கவிட்டால் நான் மறுபடி வருவேன் என்று சொல்.

இங்கே நிலைமை நீ ஊகித்ததுதான். திரும்பி வந்த மறுநாள் என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. ரைஹான் வெளியே வந்து என் டிபன் பாக்ஸையும் குடையையும் கொடுத்தான். “ஏனுங்க சார், ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க” என்றான். முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. கம்பெனி என் மேல் புகார் கொடுத்திருக்கிறது. ஏஜெண்ட் முதல் ஆள், நான் இரண்டாவது. விசாரணை முடியும்வரை கோவையை விட்டுப் போகக் கூடாது, திங்கட்கிழமை தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அறையிலிருந்து ஸ்டேஷன் முந்நூற்றுப் பத்து அடி. எண்ணிப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. அதனால் கிறிஸ்துமஸுக்கு வா என்று ஹர்ஷிணி சொன்னது நடக்காது. அவளிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது.

செயலியில் உங்கள் குட்டையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கியூ.ஆர் கோடு யார் கையில் இருந்தாலும் திறக்கும். பழைய பதினொரு வரியை அவர்களால் அழிக்க முடியவில்லை. கீழே திருத்தம் போட்டிருக்கிறார்கள். ‘பண்ணையாளர் பொறுப்பல்ல. தவறாக அனுமதித்தவர்: ஐ. ஜெரோம்.’ மேலே நீங்கள் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். உலகத்தில் எவன் இறால் வாங்கினாலும் இதைப் படிக்கலாம். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் பக்கத்தை மூடவில்லை.

இந்த வயது வரை நான் இறால் சாப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியுமா? எத்தனை ஆயிரம் டன்னுக்கு ‘சரி’ போட்டிருக்கிறேன், ஒன்றை வாயில் வைத்ததில்லை. உன் வீட்டில்தான் முதலில். குழம்பில் உப்பு அதிகம். ஹர்ஷிணி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று சொல்லவில்லை.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடாதே, எடுத்து என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. எழுது.

இனி, முன்னால் வந்து நிற்கிறது என்றேனே, அது.

விசாரணை அறையில் அந்த அதிகாரி என்னைக் கேட்டார், “இடம் தப்பு என்று தெரிந்தும் சிக்னல் கோளாறு என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை?” பதினொன்று என்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னது குறைவு.

அம்மா செத்த அன்றைக்குத் தொண்டாமுத்தூரில் யானை இறங்கவில்லை. அந்த மாதமே இறங்கவில்லை. ஃபாதர் ஐந்தரை வரை பொறுக்கலாம் என்றார். குழி வெட்டியவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். என் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீ சூலூரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆறு முறை அடித்தது. ஏழாவது முறை அடிப்பதற்குள் நான்தான் அவர்களைக் கூப்பிட்டு, “யானை வந்துரும், மண்ணப் போடுங்க” என்றேன்.

அண்ணன்